வரி 40 ரூபாய், கடையில் ஏற்றம் 55 ரூபாய்: இறக்குமதி வரி உங்கள் சமையலறைக்கு வரும் வழி

2025 ஓகஸ்ட் கடைசியில், இலங்கைக்குள் வரும் பெரிய வெங்காயத்தின் வரி கிலோவுக்கு 10 ரூபாயிலிருந்து 50 ரூபாயானது. உருளைக்கிழங்கின் வரி 60 இலிருந்து 80 ஆனது. செய்தியைக் கேட்டவர்கள் வெங்காயம் கிலோவுக்கு 40 ரூபாய் கூடும் என்று நினைத்தார்கள். கணக்கு அங்கே நிற்பதில்லை.

வரி கட்டப்படுவது துறைமுகத்தில், வந்திறங்கிய ஒவ்வொரு கிலோவுக்கும். அழுகிப்போகும் வெங்காயத்துக்கும் காய்ந்து எடை குறையும் வெங்காயத்துக்கும் சேர்த்துத்தான் அந்தப் பணம் கட்டியாகிறது. கொள்கலனில் வந்து, கொழும்பின் மொத்தச் சந்தையான புறக்கோட்டையில் இறங்கி, லொறியேறி ஊர்க் கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் 100 கிலோவில் 8 கிலோ குறைந்தது என்று வைப்போம். 40 ரூபாய் வரியை மிச்சமுள்ள 92 கிலோதான் சுமக்க வேண்டும். அப்போதே அது 43 ரூபாய் 50 சதம். மொத்த வியாபாரி தன் செலவுக்கும் இலாபத்துக்கும் 10 வீதம் வைக்கிறார்: 47 ரூபாய் 80 சதம். சில்லறைக் கடைக்காரர் 15 வீதம் வைக்கிறார்: 55 ரூபாய். இதில் யாரும் ஏமாற்றவில்லை. இலாபத்தைப் பணமாக அல்லாமல் வீதமாக வைப்பது நம் வியாபாரத்தின் பழக்கம். அந்தப் பழக்கம் வரியின் மேலும் இலாபம் ஏற்றுகிறது.

வரி 40 ரூபாய் குறைந்தால் இதே கணக்கில் 55 ரூபாய் இறங்க வேண்டும். இறங்குவதில்லை. ஏன் என்று பார்ப்பதற்கு முன், எந்தப் பொருளுக்கு எந்த வரி என்று தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு வகை வரி, இரண்டு வகை நடத்தை

வெங்காயம், கிழங்கு, சீனி, பருப்பு, செத்தல் மிளகாய், டின் மீன் போன்ற அடிப்படைச் சாமான்களுக்கு 2007 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஒரே வரி அறவிடப்படுகிறது. பெயர் விசேட வியாபாரப் பண்ட அறவீடு. இது பெரும்பாலும் கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று இருக்கும். நிதி அமைச்சர் அதிவிசேட வர்த்தமானி மூலம் இதை மாற்றலாம். பாராளுமன்ற விவாதம் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அதனால்தான் இரவில் வர்த்தமானி வெளியாகி, விடிந்ததும் விலை மாறுகிறது.

இந்த அறவீட்டின் கீழ் உள்ள பொருளுக்கு சுங்க இறக்குமதி வரி, வற் வரி, செஸ் என்ற கூடுதல் இறக்குமதி வரி, துறைமுக விமான நிலைய அபிவிருத்தி வரி எதுவும் தனியாகக் கிடையாது. எல்லாவற்றுக்கும் பதிலாகத்தான் இந்த ஒன்று. பருப்புக்குக் கிலோவுக்கு 25 சதம் என்று ஒரு அறவீடு இருப்பதைப் பார்த்து, இந்தச் சில்லறைக்கு ஒரு வரியா என்று சிரிப்பவர்கள் உண்டு. அந்த 25 சதத்தால் திறைசேரிக்குப் பெரிதாக எதுவும் கிடைப்பதில்லை. அது பருப்பின் தலைக்கு மேல் பிடித்த குடை. குடையை எடுத்தால் 18 வீத வற் உட்பட மற்ற வரிகள் பருப்பின் மேல் கொட்டும். ஆகவே அறவீட்டுப் பட்டியலிலிருந்து ஒரு பொருள் 'நீக்கப்பட்டது' என்ற செய்தி வந்தால் வரி இல்லாமல் போனதாக மகிழ்ந்துவிட வேண்டாம். அதன் இடத்தில் என்ன வந்தது என்று பாருங்கள்.

பட்டியலுக்கு வெளியே உள்ள உணவுகளில் வரி மேல் வரி ஏறும். கொள்முதல் விலை, காப்புறுதி, கப்பல் கூலி மூன்றும் சேர்ந்த பெறுமதியில் இது தொடங்குகிறது. உதாரணத்துக்கு அந்தப் பெறுமதி 1,000 ரூபாய், சுங்க வரி 20 வீதம், துறைமுக வரி 10 வீதம், செஸ் 15 வீதம் என்று வைப்போம். சுங்க வரி 200. துறைமுக வரி 100. செஸ் வரியோ 1,000 ரூபாயில் கணக்கிடப்படுவதில்லை. பெறுமதியோடு இன்னும் 10 வீதம் சேர்த்து 1,100 இல் கணக்கிடப்படும்: 165. வற் வரிக்கு அந்த 1,100 உடன் மேலே சொன்ன மூன்று வரிகளும் கூடும்: 1,565. அதில் 18 வீதம் 281 ரூபாய் 70 சதம். சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி 2.5 வீதம், இன்னும் 39 ரூபாய். எல்லாம் கூட்டினால் 786 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. வீதங்களை மட்டும் கூட்டிப் பார்ப்பவர் 655 ரூபாய் என்றுதான் நினைத்திருப்பார்.

டொலர் ஏறும்போது இந்த இரண்டும் வேறு வேறு மாதிரி நடக்கும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர், மே மாதத்துக்குள் 360 ஐத் தொட்டது. வீதத்தில் அறவிடும் வரிகள் எந்த வர்த்தமானியும் இல்லாமல் தாமாகவே 80 வீதம் வளர்ந்தன. கிலோவுக்கு இத்தனை என்று நிர்ணயித்த வரி அசையவில்லை. ஆனால் அதிலும் ஒரு அநீதி உண்டு. கிலோ 90 ரூபாய்க்கு வந்திறங்கும் மலிவான சரக்குக்கும் 200 ரூபாய்க்கு வரும் உயர்ரகச் சரக்குக்கும் ஒரே 50 ரூபாய்தான். முதலாவதில் அது பாதிக்கு மேல், இரண்டாவதில் கால்வாசி. மலிவானதை வாங்குபவரே கூடுதல் வீதம் கட்டுகிறார்.

அந்த 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அதன் பிறகு பணவீக்கம் குறைந்தது என்றால் விலை குறைந்தது என்று பொருளல்ல. ஏறும் வேகம் குறைந்தது, அவ்வளவுதான். இந்தக் குழப்பம் இன்றும் கடை வாசல்களில் சண்டையாகிறது.

சீனி சொல்லித்தரும் பாடம்

2020 ஒக்டோபர் 13 அன்று சீனியின் அறவீடு கிலோவுக்கு 50 ரூபாயிலிருந்து 25 சதமாக வெட்டப்பட்டது. மக்களுக்குச் சீனி மலிவாகக் கிடைக்கும் என்றார்கள். கடைவிலை அதற்கேற்ப இறங்கவில்லை. அரசு இழந்த வருமானம் 1,500 கோடி ரூபாய்க்கு மேல் என்பது பின்னர் பாராளுமன்றத்தின் அரசாங்க நிதி பற்றிய குழுவில் வெளிவந்தது. 2023 நவம்பர் 2 அன்று அதே அறவீடு 25 சதத்திலிருந்து மீண்டும் 50 ரூபாயானது. இந்த முறை விலை உடனே ஏறியது.

இறங்கும்போது தயங்குவதும் ஏறும்போது பாய்வதும் ஏன்? விடை களஞ்சியத்தில் இருக்கிறது. எந்த வரி பொருந்தும் என்பது சுங்கப் பிரகடனம் பதிவாகும் நாளைப் பொறுத்தது. கப்பல் வந்த நாளோ கடையில் விற்ற நாளோ இங்கே கணக்கில் வராது. 25 சதம் கட்டி விடுவித்த சீனி 25 டன் ஒருவர் களஞ்சியத்தில் கிடக்கிறது என்று வைப்போம். ஒரு கொள்கலன் அளவுதான். வர்த்தமானி வந்த மறுநாள் அதைப் புது வரி கட்டியவர் விலைக்கே விற்றால், கிலோவுக்கு 49 ரூபாய் 75 சதம் வீதம் 12 இலட்சத்து 43 ஆயிரத்து 750 ரூபாய் கையில் நிற்கும். எந்த வேலையும் செய்யாமல் ஒரே இரவில். நூறு கொள்கலன் வைத்திருந்தவரின் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

வரி இறங்கும்போது காட்சி தலைகீழ். பழைய வரி கட்டிய சரக்கைக் கையில் வைத்திருப்பவர், அது முடியும்வரை பழைய விலையைவிட்டு இறங்கமாட்டார். சுங்கப் பிணைக் களஞ்சியத்தில் வரி கட்டாமல் வைத்திருந்தவருக்கோ புது வரி கட்டி எடுக்க வழியுண்டு. அவர் மலிவாக விற்கலாம். ஆனால் சந்தையில் எல்லோரும் பழைய விலைக்கு விற்கும்போது அவர் மட்டும் ஏன் இறக்குவார்? இறக்குமதியாளர்கள் சிலர் மட்டுமே உள்ள பொருட்களில் இது இன்னும் மோசம். சிறு தீவுச் சந்தையில் ஒரு சாமானைக் கப்பல் கணக்கில் இறக்க வசதியுள்ளவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வரிக்குறைப்பின் பலன் வாங்குபவரிடம் வந்து சேர்வதற்குப் போட்டி வேண்டும். அது இல்லாத இடத்தில் அரசு விட்டுக்கொடுத்த பணம் வழியிலேயே தங்கிவிடுகிறது.

உச்ச சில்லறை விலை நிர்ணயித்தால் தீராதா என்று கேட்பார்கள். 2021 செப்டெம்பரில் வெள்ளைச் சீனி பொதியிடாதது 122 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. அடக்க விலையே அதற்கு மேல் உள்ள பொருளைச் சின்னக் கடைக்காரர் ஏன் வாங்கிவைக்கப் போகிறார்? உச்ச விலையும் வரியும் ஒன்றோடொன்று பொருந்தினால்தான் சரக்கு வரும். 2024 டிசம்பரில் தனியார் அரிசி இறக்குமதிக்கு அனுமதி தந்தபோது வரி கிலோவுக்கு 65 ரூபாய். நாட்டரிசி என்ற வகையில் இறக்குமதியானதன் உச்ச விலை 220. வந்திறங்கும் பெறுமதி 140 என்றால் வரியோடு 205. மிச்சமுள்ள 15 ரூபாயில் துறைமுகச் செலவு, லொறிக் கூலி, மூன்று பேரின் இலாபம் எல்லாம் அடங்க வேண்டும். பெறுமதி 150 ஆனால் யாரும் கொண்டுவரமாட்டார்கள்.

சரி, அந்த 65 ரூபாயை நீக்கியிருக்கலாமே? அங்கேதான் விவசாயி வருகிறார். பெரும்போக அறுவடைக்கு 2025 பெப்ரவரியில் அரசு அறிவித்த நாட்டு நெல்லின் கொள்வனவு விலை கிலோ 120 ரூபாய். 100 கிலோ நெல் குற்றினால் 63 கிலோ அரிசி வரும் என்று கொண்டால், அரிசி கிலோவுக்கு நெல்லின் செலவு மட்டும் 190. வரியில்லாமல் 140 ரூபாய் அரிசி வந்து குவிந்தால் பொலன்னறுவையிலும் கிளிநொச்சியிலும் நெல்லை வாங்க ஆளிருக்காது. வெங்காயத்துக்கும் கிழங்குக்கும் இதே நியாயம்தான். தம்புள்ளைப் பக்கம் வெங்காய அறுவடை ஓகஸ்ட், செப்டெம்பரில் கூடும். யாழ்ப்பாணத்துக் கிழங்கு மாசி, பங்குனியில் கிண்டுவார்கள். அதை ஒட்டி வரி கூட்டுவதில் தவறில்லை. ஆனால் கூட்டப் போவதாகப் பேச்சு அடிபட்ட கையோடு இறக்குமதியாளர்கள் முன்கூட்டியே சரக்கை இறக்கிவிடுவார்கள். வரி ஏறும் நாளில் களஞ்சியம் நிறைந்திருக்கும். விவசாயிக்கு விலை கிடைக்காது, வாங்குபவருக்கும் மலிவு கிடைக்காது. அறுவடைக்கு ஆறு வாரம் முன்பே வரி அமுலுக்கு வராவிட்டால் அதனால் விவசாயிக்குப் பெரிய பயன் இல்லை என்பது எங்கள் கருத்து.

எல்லா ஏற்றத்துக்கும் கொழும்பைக் குறைசொல்லவும் முடியாது. 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடைசெய்தபோது இங்கே வரியில் எந்த மாற்றமும் இல்லாமலே விலை பறந்தது. 2024 ஏப்ரலில் இலங்கைக்கென்று 10,000 டன் அனுமதித்தார்கள். ஒரே பக்கத்து வீட்டுக் கிணற்றை நம்பியிருப்பவரின் நிலைதான்.

வாங்குபவர் பார்க்க வேண்டியவை

விலை ஏறிய நாளில் முதலில் வர்த்தமானியின் திகதியைப் பாருங்கள். அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் அதிவிசேட வர்த்தமானிகள் தமிழிலும் கிடைக்கும். அட்டவணையில் பொருளின் பெயரை மட்டும் பார்க்காமல் சுங்கக் குறியீட்டையும் பாருங்கள்: கிழங்கு 0701, வெங்காயம் 0703.10, பருப்பு 0713.40, அரிசி 1006, சீனி 1701. 0703.10 இல் சின்ன வெங்காயமும் அடங்கும் என்பதால் எந்த உபபிரிவுக்கு வரி என்று வாசிக்க வேண்டும். எந்தத் திகதியிலிருந்து, எவ்வளவு காலத்துக்கு என்பதும் அங்கேயே இருக்கும்.

மொத்த விலைக்கு மத்திய வங்கியின் தினசரி விலை அறிக்கை போதும். புறக்கோட்டை, தம்புள்ளை, நாரஹேன்பிட்ட விலைகள் அதில் வரும். உங்கள் ஊர்க் கடைவிலைக்கும் புறக்கோட்டை மொத்த விலைக்கும் உள்ள இடைவெளியை இரண்டு வாரம் குறித்து வையுங்கள். வரி ஏறியதும் அந்த இடைவெளியும் பெருத்தால் யாரோ வரியைச் சாட்டாக வைத்து அள்ளுகிறார் என்று புரியும்.

பற்றுச்சீட்டில் 18 வீத வற் தனியாகப் போட்டிருந்தால் பதிவு இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். அது 7000 என்று முடியும். பதிவு செய்யாத கடை வற் அறவிட முடியாது. விலைப்பட்டியல் கண்ணுக்குத் தெரியும்படி தொங்க வேண்டும், கேட்டால் பற்றுச்சீட்டு தர வேண்டும். இரண்டும் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தில் உள்ளவை. உச்ச விலைக்கு மேல் விற்ற தனிநபருக்கு 2021 திருத்தத்தின்படி தண்டம் ஒரு இலட்சத்திலிருந்து 5 இலட்சம் வரை, கம்பனிக்கு 5 இலட்சத்திலிருந்து 50 இலட்சம் வரை. முறைப்பாட்டுக்கு 1977 ஐ அழைக்கலாம். பற்றுச்சீட்டு கையில் இல்லாமல் அழைத்தால் முறைப்பாடு பெரும்பாலும் பேச்சோடு நின்றுவிடும்.

வரி ஏறப்போகிறது என்று வெங்காயம் 20 கிலோ வாங்கி வைக்கும் வீடுகளுக்கு ஒரு சொல். மழையோடு அறுவடையான உள்ளூர் வெங்காயம் ஈரம் கூடியது. சாக்கோடு மூலையில் வைத்தால் மூன்று வாரத்தில் கால்வாசி குப்பைக்குப் போகும். மிச்சம் பிடித்ததில் பெரும்பகுதி அதோடு போய்விடும். வாங்கியே தீர வேண்டுமென்றால் பருப்பையும் சீனியையும் வாங்குங்கள். அவை எளிதில் கெடாது.

சின்னக் கடைக்காரருக்கு: வரி குறையும் பேச்சு அடிபடும் நாட்களில் நாலு நாள் சரக்குக்கு மேல் எடுக்காதீர்கள். பழைய விலைக்கு எடுத்த மூட்டை இருந்தால் அதன் கொள்முதல் சீட்டைக் கல்லாவிலேயே வைத்திருங்கள். அதிகாரிகள் வந்தாலும், வாடிக்கையாளர் சத்தம் போட்டாலும் காட்ட அது ஒன்றுதான் உண்டு. புது மூட்டை உடைத்த நாளில் பலகையில் விலையை அழித்து எழுதுங்கள், பக்கத்தில் திகதியையும் போடுங்கள்.