வெண்ணெய் வாசம் அடிக்கிற பீருக்கு எட்டு மார்க்கா?

பெங்களூர்ல ஒரு மைக்ரோப்ரூவரில, அதாவது சின்ன அளவுல பீர் காய்ச்சுற இடத்துல, ப்ரூவரா இருக்கேன், காலைல டேங்க்ல இருந்து சாம்பிள் புடிச்சு மோந்து பாக்குறதுதான் முதல் வேலை. சாயங்காலம் டேபிள்ல உக்காந்து பீர ருசி பாத்து மார்க் போடுறவங்ககிட்ட பேசும்போது ஒண்ண அடிக்கடி பாக்குறேன், நிறைய பேரு நல்ல வாசத்த கோளாறுன்றாங்க, கோளாறத்தான் ரசிச்சு குடிக்கிறாங்க.

போன மாசம் ஒருத்தர் ஹெஃபவைசன திருப்பி அனுப்பிட்டாரு, "வாழப்பழ எசென்ஸ் ஊத்திருக்கீங்க"ன்னு. எதுவும் ஊத்தலைங்க. அது ஜெர்மனில இருக்கிற பவேரியா பக்கத்து கோதுமை பீர், அதுக்குன்னு இருக்கிற ஈஸ்ட் நொதிக்கும்போதே ஐசோஅமைல் அசிடேட்னு ஒண்ண உண்டாக்கும், பழுத்த வாழப்பழத்துல மணக்குறதும் அதேதான், கூடவே லேசா கிராம்பு வாசம் வரும். அந்த ரெண்டும் இல்லன்னாதான் நீங்க மார்க்க குறைக்கணும்.

இதுக்கு நேர் எதிரா, நான் முன்னாடி வேலை பாத்த இடத்துல ஒரு லாகர் (குளிர்ல நொதிக்க வைக்கிற பீர்) பாப்கார்ன் வெண்ணெய் மாதிரி மணக்கும், ஆளாளுக்கு எட்டு ஒம்பதுன்னு போட்டாங்க. அந்த வாசத்துக்குக் காரணம் டையசெட்டைல்னு ஒரு பொருள். ஈஸ்ட் நொதிக்கும்போது வர்றதுதான், ஆனா கடைசில ரெண்டு மூணு நாள் கொஞ்சம் சூடு ஏத்தி விட்டா ஈஸ்ட்டே அத திரும்ப எடுத்துக்கும், அங்க டேங்க் காலியாகணும்னு அவசரப்பட்டு குளிர வச்சுட்டாங்க. இல்லன்னா டேங்க்ல இருந்து டேப்புக்கு பீர் வர்ற குழாய ஒழுங்கா கழுவாம பாக்டீரியா புகுந்தாலும் இதே வாசம்தான். இப்ப நான் ஒவ்வொரு பேட்ச்லயும் ரெண்டு சாம்பிள் எடுத்து ஒண்ண மூடி 60 டிகிரி தண்ணில அரைமணி நேரம் வச்சு, ஆற வச்சு மோந்து பாப்பேன், சூடு பண்ணதுல வெண்ணெய் வந்துச்சுன்னா அந்த டேங்க தொட விட மாட்டேன்.

பிஜேசிபின்னு பீர் ஜட்ஜுங்களுக்கு பரீட்சை வச்சு சான்றிதழ் குடுக்குற அமைப்பு இருக்கு, அந்த ஜட்ஜுங்க ஷீட்ல மொத்தம் 50 மார்க், அதுல வாசத்துக்கு 12, ருசிக்கு 20, கலர் நுரை எல்லாம் சேத்து வெறும் 3. நம்மாளுங்க ஃப்ரீசர்ல வச்ச மக்ல ஊத்தி வாங்கி அந்த 12 மார்க்க அங்கயே கொன்னுடுறாங்க, அவ்ளோ சில்லுன்னு இருந்தா ஒரு வாசமும் எழும்பாது, ரெண்டு கையாலயும் டம்ளர அஞ்சு நிமிஷம் புடிச்சு வச்சுட்டு மூக்க வைங்க. டம்ளர் உள்பக்கம் குமிழி குமிழியா ஒட்டிட்டு நின்னா கழுவினது சரியில்லன்னு அர்த்தம், வேற டம்ளர் கேளுங்க, தப்பே இல்ல.

இன்னொன்னு, இதுதான் எனக்கு ரொம்ப கவலை. ஒயின் ருசி பாக்குறவங்க துப்பிடுவாங்க, பீர்ல கசப்பு தொண்டைக்குள்ள இறங்குனாதான் முழுசா தெரியும்னு முழுங்குறதுதான் வழக்கம். சின்ன டம்ளர்தானேன்னு தோணும். 100 மில்லில ஆறு டம்ளர், சராசரியா 6 சதவீதம்னு வச்சா 36 மில்லி சுத்தமான ஆல்கஹால், அதாவது கிட்டத்தட்ட மூணு ஸ்மால் விஸ்கி. நம்ம நாட்டு சட்டப்படி 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராம் தாண்டினா வண்டி ஓட்டக் கூடாது. நாலாவது டம்ளருக்கு மேல போடுற மார்க்க நானே நம்ப மாட்டேன், நாக்கும் மரத்துடும், எல்லாமே நல்லாருக்குற மாதிரி தோணும். எங்ககிட்ட ஃப்ளைட் (ருசி பாக்க சின்னச் சின்ன டம்ளர்ல வர்ற பீர் செட்) ஆர்டர் பண்றவங்ககிட்ட டம்ளர் வைக்குறதுக்கு முன்னாடியே வண்டி சாவி யார்கிட்டன்னு கேட்டுடுறேன், சில பேரு மூஞ்சிய சுளிப்பாங்க, பரவால்ல, கேட்டுட்டேதான் இருப்பேன்.