கல்லுக்குள் மரம் வளர்க்கும் மாங்கனீசு

“கேன் ஆற்றுக் கல் என்று சொல்லி ஒரு பதக்கம் வாங்கினேன். பால் நிறக் கல்லுக்குள் கறுப்பாக ஒரு குட்டி மரம் தெரிகிறது. இது புதைபடிவமா? அதை மைப்பேனாவால் வரைந்து பார்க்கிறேன். எத்தனை தடவை வரைந்தாலும் வேப்பங்கிளை மாதிரிதான் வருகிறது, கல்லில் இருப்பது வரவில்லை” என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். இரண்டு கேள்விகளுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

முதலில் கல். உத்தரப் பிரதேசத்தின் பாந்தா மாவட்டத்தில், யமுனையில் கலக்கும் கேன் ஆற்றில் கிடைக்கும் இதை ‘ஷஜர்’ என்பார்கள். அகேட் வகை, அதாவது மிக நுண்ணிய குவார்ட்ஸ் படிகங்களால் ஆன சிலிக்கா. பாந்தாவில் இதை அறுத்து மெருகேற்றும் கைத்தொழிலுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. சரத் பௌர்ணமி இரவில் நிலவொளி பட்டு, எதிரே இருக்கும் மரத்தின் உருவம் கல்லில் பதிந்துவிடுகிறது என்பது அந்த ஊர் நம்பிக்கை. கதையாக அதை ரசிக்கலாம். ஆனால் இதே கல்லை மோதிரத்தில் பதித்து, மரம் இருப்பதால் செல்வம் கொழிக்கும் என்று விலையை ஏற்றி விற்கிறார்களே, அதை என்னால் ஏற்க முடியாது. அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல பத்து மடங்கு உருப்பெருக்கி வாங்கலாம்.

அந்த மரம் உயிருள்ள எதனுடைய மிச்சமும் இல்லை. மாங்கனீசு ஆக்சைடு, சில கற்களில் இரும்பு ஆக்சைடு. மாங்கனீசு கரைந்த நிலத்தடி நீர் பாறையின் மயிரிழை விரிசலுக்குள் கசிகிறது. ஆக்சிஜன் கிடைக்கும் இடத்தில் மாங்கனீசு ஆக்சிஜனேற்றம் அடைந்து, கரையாத கறுப்புத் துகளாகப் படிகிறது. இதுவரை பள்ளி வேதியியல்தான். படிந்த ஆக்சைடின் மேற்பரப்பே அடுத்த மாங்கனீசு படிவதை வேகப்படுத்துகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒட்டிய இடத்தில்தான் மேலும் ஒட்டும்.

அப்படியானால் வட்டமான ஒரு கறையாகத்தானே பரவ வேண்டும்? கிளை ஏன் பிரிகிறது? என்னை மயக்கும் இடம் இதுதான். படிவின் விளிம்பில் தற்செயலாக ஒரு சிறு புடைப்பு உண்டாகிறது என்று வைத்துக்கொள்வோம். அது நீருக்குள் கொஞ்சம் முன்னால் நீட்டிக்கொண்டிருப்பதால் மிதந்து வரும் மாங்கனீசு முதலில் அதன் மேல்தான் படுகிறது. புடைப்பு மேலும் நீள்கிறது. நீள நீள இன்னும் அதிகம் பிடிக்கிறது. பின்னால் இருக்கும் பள்ளத்துக்கு ஒன்றும் வந்து சேர்வதில்லை. தலைமடைக்காரர் வாய்க்கால் நீரை எடுத்துக்கொண்டால் கடைமடை காய்வதுபோலத்தான். நீண்ட கிளையின் பக்கவாட்டில் இன்னொரு புடைப்பு, அதற்கும் இதே கதை. அடுத்தடுத்த இரண்டு கிளைகள் ஒன்றையொன்று நெருங்கும்போது இடையில் இருக்கும் நீரில் மாங்கனீசு தீர்ந்துபோகும். அதனால் அவை தொடும் முன்பே நின்றுவிடும், அல்லது விலகி வளரும்.

1981இல் விட்டன், சாண்டர் என்ற இரு இயற்பியலாளர்கள் இதைக் கணினியில் ஓர் எளிய விதியாக்கினார்கள். அதை நீங்கள் கட்டத்தாளிலேயே செய்து பார்க்கலாம். நடுவில் ஒரு கட்டத்தை மையால் நிரப்புங்கள். கொஞ்சம் தள்ளி இன்னொரு கட்டத்தில் பென்சிலை வைத்து, பூவா தலையா இரண்டு முறை சுண்டுங்கள். தலை, தலை என்றால் மேலே ஒரு கட்டம்; பூ, பூ என்றால் கீழே; தலை, பூ என்றால் வலம்; பூ, தலை என்றால் இடம். இப்படியே தட்டுத்தடுமாறி நடக்கும் பென்சில், மையிட்ட கட்டத்தை ஒட்டிய கட்டத்துக்கு வந்ததும் அதையும் நிரப்பிவிட்டு அடுத்த நடையைத் தொடங்குங்கள். பென்சில் வெகுதூரம் போய்விட்டால் அந்த நடையைக் கைவிடலாம். பொறுமை வேண்டும், ஆனால் சில பத்துக் கட்டங்கள் சேர்வதற்குள் கைகள் முளைக்கத் தொடங்கும். உள்ளே புகப் பார்க்கும் ஒவ்வொரு நடையும் வழியில் ஏதோ ஒரு கிளையில் முட்டி அங்கேயே ஒட்டிக்கொள்ளும். இந்த மாதிரியில் உருவம் இரண்டு மடங்கு அகலமானால் மை நான்கு மடங்கு ஆவதில்லை, சுமார் 3.3 மடங்குதான். வெளியே போகப் போக வெற்றிடம் கூடுகிறது.

கல்லில் இருக்கும் கறுப்பு, பைரோலுசைட் என்ற மாங்கனீசு ஆக்சைடு கனிமம் என்றுதான் பாடநூல்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன. 1979இல் பாட்டர், ரோஸ்மன் என்ற இரு ஆய்வாளர்கள் அகச்சிவப்பு நிறமாலை கொண்டு சோதித்தார்கள். அவர்கள் பார்த்த கிளைவடிவங்களில் பைரோலுசைட் இல்லை, வேறு மாங்கனீசு ஆக்சைடுகள்தான் இருந்தன. யாரோ இருவருக்கு ஒரு கறுப்புக் கறையைச் சரியாகப் பார்க்க நேரமும் கருவியும் கிடைத்ததால் இது தெரியவந்தது. இப்படிப்பட்ட ஆய்வுக்கு விண்ணப்பித்தால் “இதனால் என்ன பயன்?” என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு உடனடிப் பதில் இல்லாத ஆய்வுக்கும் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இனி பேனா. வேப்பங்கிளை வரைபவர் அடிமரத்தைத் தடிமனாகப் போட்டுவிட்டு அதிலிருந்து கிளைகளை இழுப்பார். கல்லில் அப்படித் தண்டு என்று ஒன்று கிடையாது. விரிசலைக் குறிக்கும் மெல்லிய கோட்டில் தொடங்கி, 0.1 மில்லிமீட்டர் முனையால் புள்ளி புள்ளியாக வையுங்கள். ஒரு கிளையை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாமல் எல்லா நுனிகளையும் சேர்த்து வளர்த்துக்கொண்டே வாருங்கள். பத்துப் புள்ளி வைத்தால் ஒன்பது வெளிநுனிகளுக்குப் போகட்டும். உள்ளே சிக்கிய குட்டிக் கிளைகளைக் குட்டையாகவே விட்டுவிடுங்கள். இரண்டு கிளைகள் நெருங்கினால் ஒரு மயிரிழை வெள்ளை விட்டு நிறுத்துங்கள். கிளைகள் எங்கும் மறுபடி சேரக் கூடாது. பல இலைகளின் நரம்புகள் பின்னிச் சேர்ந்து வலையாகும், கல்லில் அது நடக்காது. உருப்பெருக்கியில் பார்த்துப் புதைபடிவத்தைப் பிரித்தறியவும் இந்த ஒரு குறிப்பு பெரிதும் உதவும்.

ஷஜரில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. அகேட் ஒளி ஊடுருவும் கல் என்பதால் வெவ்வேறு ஆழத்தில் இருக்கும் இரண்டு மரங்கள் மேலிருந்து பார்க்கும்போது குறுக்கே வெட்டிக்கொள்வதுபோலத் தெரியும். கல்லை லேசாகச் சாய்த்துப் பாருங்கள். எது மேலே, எது கீழே என்பது பிரிந்துவிடும். மேலே இருப்பதைக் கறுப்பு மையில் முழுதாக முடித்துவிட்டு, கீழே இருப்பதைச் சாம்பல் நிற மையில் 0.05 முனையால் வரையுங்கள். கறுப்புக் கிளை குறுக்கிடும் இடத்தில் சாம்பல் கோட்டை இரண்டு புள்ளி அளவு முன்னதாகவே நிறுத்தி, அந்தப் பக்கம் இரண்டு புள்ளி தள்ளித் தொடர்ந்தால் ஆழம் வந்துவிடும்.