புதன்கிழமை மீட்டிங் வெள்ளிக்குப் போனதா, திங்களுக்கு வந்ததா?

புதன்கிழமை மீட்டிங்கை இரண்டு நாள் 'மூவ் ஃபார்வர்ட்' செய்திருப்பதாக மெயில் வருகிறது. எந்தக் கிழமை போய் உட்கார வேண்டும்? ஆங்கிலமே தாய்மொழியாக உள்ளவர்களிடம் கேட்டாலும் ஏறக்குறைய பாதிப் பேர் திங்கள் என்பார்கள், பாதிப் பேர் வெள்ளி என்பார்கள். லேரா போரோடிட்ஸ்கி, மைக்கேல் ராம்ஸ்கார் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், விமானத்தில் அப்போதுதான் வந்து இறங்கியவர்கள் வெள்ளி என்று சொன்னது அதிகம். யாரையோ அழைத்துப்போகக் காத்து நின்றவர்கள் அவ்வளவாகச் சொல்லவில்லை. பயணத்தில் இருப்பவருக்கு 'முன்' என்றால் தான் போகிற திசை. நிற்பவருக்கோ நாள்தான் தன்னை நோக்கி வருகிறது.

மனதுக்குள் தமிழாக்கிப் பார்த்தாலும் தப்பிக்க முடியாது. முன்னோர் என்றால் வாழ்ந்து போனவர்கள், முன்னேற்றம் என்றால் இனிமேல் போக வேண்டிய வழி. ஒரே 'முன்' இரண்டு பக்கமும் காட்டுகிறது.

அதனால் நாள் மாற்றும் மெயிலில் 'மூவ் ஃபார்வர்ட்' வேண்டவே வேண்டாம். 'பிரிங் ஃபார்வர்ட்' என்றால் முன்னதாக வைப்பது, அதில் குழப்பமில்லை. அமெரிக்கர்கள் இதற்கே 'மூவ் அப்' என்பார்கள். 'புஷ் பேக்', 'புட் ஆஃப்' இரண்டும் தள்ளிவைப்பது. நம் அலுவலகங்களில் புழங்கும் 'ப்ரீபோன்' நல்ல சொல்தான், ஆனால் லண்டனில் இருப்பவருக்குச் சட்டென்று புரியாமல் போகலாம்.

வினையைச் சரியாகப் போட்டுவிட்டு அடுத்து வரும் சின்னச் சொல்லில் சறுக்குவதுதான் அதிகம். 'பை' வந்தால் எவ்வளவு நகர்ந்தது என்ற அளவு, 'டு' வந்தால் போய்ச் சேர்ந்த புதிய நாள். 'பை டூ டேஸ்', 'டு மண்டே' என்று வர வேண்டும். 'புட் ஆஃப் அன்டில் ஃப்ரைடே' என்பதை 'வெள்ளி வரை கிடையாது, சனிக்கிழமைதான்' என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது வெள்ளியன்றே நடக்கும். எதை எழுதினாலும் பழைய நாள், புதிய நாள் இரண்டையும் தேதியோடு போடுங்கள்: 'புதன் 12-லிருந்து திங்கள் 10-க்கு'.

ஊர் போய் வருவதிலும் இதே வகைத் தடுமாற்றம் உண்டு. 'அவர் திரும்பி வந்து ரெண்டு வாரமாச்சு' என்பதை 'ஷி ஹேஸ் கம் பேக் ஃபார் டூ வீக்ஸ்' என்று எழுதினால், இரண்டு வாரம் தங்கிவிட்டுப் போக வந்திருக்கிறார் என்றுதான் படிப்பவர் நினைப்பார். திரும்புவது ஒரு நொடியில் முடிகிற செயல். இரண்டு வாரமாக நீள்வது இங்கே இருப்பது. ஆகவே 'ஷி ஹேஸ் பீன் பேக் ஃபார் டூ வீக்ஸ்', அல்லது 'ஷி கேம் பேக் டூ வீக்ஸ் அகோ'.

பிரிட்டன் ஆட்களோடு வேலை செய்பவர்கள் கடிகாரத்தையும் கவனிக்க வேண்டும். மார்ச் கடைசி ஞாயிறு அங்கே கோடைக்கால நேரத்துக்காகக் கடிகாரம் 'கோஸ் ஃபார்வர்ட்'. 1 மணி 2 மணியாகிறது. இங்கே 'ஃபார்வர்ட்' கூட்டுவது. ஆனால் அவர்களின் காலை 10 மணி அழைப்பு, அதுவரை நமக்கு மாலை 3.30-க்கு வந்தது, திங்களிலிருந்து 2.30-க்கே வந்துவிடும். அக்டோபர் கடைசி ஞாயிறு 'கோஸ் பேக்' ஆனதும் பழையபடி 3.30.