தயங்கும் ரப்பர்

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பழைய போர்ஷே கேமன் கார் ஒன்றை வாங்கி, டிராக் டே (சொந்த வண்டியைப் பந்தயப் பாதையில் ஓட்ட விடும் நாள்) நடக்கும்போதெல்லாம் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் பாதைக்குக் கொண்டுபோய் ஓட்டுகிறாராம். இப்போது செமி ஸ்லிக் டயர் மாட்ட ஆசை. "எது நன்றாக ஒட்டுமோ அதை வாங்கு என்கிறார்கள். சூடானால் ரப்பர் உருகி, தார்மேல் பசை மாதிரி ஒட்டிக்கொள்ளுமாமே, உண்மையா?"

டயர் ரப்பர் உருகாது. அதன் நீண்ட மூலக்கூறுகளைக் கந்தகம் அங்கங்கே பாலம் போட்டுக் கட்டிவைத்திருக்கிறது. அளவுக்கு மீறிச் சுட்டால் அந்தக் கட்டு சிதையும், ரப்பர் பிய்ந்து வரும். அந்த நிலையில் பிடிப்பு கூடுவதில்லை, குறைகிறது. அப்படியானால் சூடான டயர் ஏன் நன்றாகப் பிடிக்கிறது? இதைப் புரிந்துகொண்டால் டயர் தேர்வில் பாதி வேலை முடிந்தது.

முதலில் செமி ஸ்லிக் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பந்தய ஸ்லிக்கில் பள்ளமே கிடையாது, அது பொதுச் சாலைக்கு ஆகாது. சாலையில் ஓட்ட அனுமதி கிடைக்கும் அளவுக்கு மட்டும் பள்ளம் வெட்டியது செமி ஸ்லிக். பள்ளம் குறைவு என்பதால் தரையைத் தொடும் ரப்பர் அதிகம். பள்ளங்களுக்கு நடுவே நிற்கும் ரப்பர் கட்டிகளும் பெரிதாக, உயரம் குறைவாக இருக்கும். வளைவில் அவை நெளியாது, ஸ்டியரிங்கைத் திருப்பியதும் வண்டி திரும்பும். இதெல்லாம் வடிவத்தின் வேலை. என்னை மயக்குவது ரப்பரின் வேலை.

உராய்வு விசை தொடுபரப்பைச் சார்ந்ததல்ல என்று பள்ளியில் படித்திருப்போம். மரக்கட்டைக்கு அது சரி. ரப்பர் அந்த விதிக்குள் அடங்குவதில்லை. தார்ச்சாலையில் துருத்திக்கொண்டிருக்கும் ஒரே ஒரு கல்முனையை நினைத்துக்கொள்ளுங்கள். டயர் அதன்மேல் லேசாகச் சறுக்குகிறது. கல்லின் முன்பக்கம் மோதும் ரப்பர் அழுந்துகிறது, அது வண்டியின் சறுக்கலைத் தடுக்கும் திசையில் அழுத்துகிறது. கல்லைத் தாண்டியதும் ரப்பர் உடனே பழைய வடிவத்துக்கு எழும்பினால் என்ன ஆகும்? கல்லின் பின்பக்கத்தை அதே விசையோடு தள்ளும், இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். ஆனால் ரப்பர் உடனே எழும்புவதில்லை. ஒரு கணம் தயங்குகிறது. அந்தக் கணத்தில் பின்பக்கம் தள்ள ஆளில்லை, முன்பக்கம் மட்டும் அழுத்துகிறது. இந்த வித்தியாசம், ஆயிரக்கணக்கான கல்முனைகளில் கூடிச் சேர்ந்து, 1,300 கிலோவுக்கு மேல் எடையுள்ள காரை வளைவில் பிடித்துவைக்கிறது.

காந்தவியல் பாடத்தில் தயக்கக் கண்ணி (ஹிஸ்டெரிசிஸ் லூப்) என்று ஒரு வரைபடம் வரும், நினைவிருக்கிறதா? அதே தயக்கம்தான் இது. கலைச்சொல் செய்தவர்கள் எவ்வளவு பொருத்தமான சொல்லை எடுத்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு முறையும் தோன்றும்.

இதோடு இன்னொரு பிடிப்பும் உண்டு. ரப்பர் மூலக்கூறுகள் கல்லின் பரப்பை நேரடியாகத் தொட்டு ஒட்டி, இழுபட்டு, விடுபட்டு, மறுபடி ஒட்டும். தூசி படிந்தால் இந்த இரண்டாவது பிடிப்பு காணாமல் போகும். டிராக்கில் எல்லோரும் ஓட்டிச் சுத்தமான பாதையை விட்டு விலகினால் வண்டி வழுக்குவது அதனால்தான்.

சரி, சூடு எங்கே வருகிறது? ஜவ்வு மிட்டாய்க்காரர் கம்பத்திலிருந்து மிட்டாயைப் பிய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். மெதுவாக இழுத்தால் நூலாக நீளும். வெடுக்கென்று இழுத்தால் பட்டென்று உடையும். மார்கழிக் காலையில் மெதுவாக இழுத்தாலும் உடையும், சித்திரை வெயிலில் வேகமாக இழுத்தாலும் நீளும். ஆக, வேகமாக இழுப்பதும் குளிரவைப்பதும் அந்த மிட்டாய்க்கு ஒன்றுதான். ரப்பருக்கும் அப்படியே.

டயர் விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் சறுக்குகிறது என்றால், 1 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள கற்கள் ரப்பரை விநாடிக்கு 1,000 முறை அழுத்துகின்றன. கல்லின் மேலுள்ள 0.01 மில்லிமீட்டர் சொரசொரப்பு விநாடிக்கு 1,00,000 முறை அழுத்துகிறது. இவ்வளவு வேகத்தில் குளிர்ந்த ரப்பர் கிட்டத்தட்ட கண்ணாடி போல விறைத்துவிடும், கல்லின் வடிவத்துக்குள் இறங்கவே இறங்காது. அதிகம் சூடானாலோ தயக்கமே இல்லாமல் உடனுக்குடன் எழும்பும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வெப்பநிலையில்தான் தயக்கம் உச்சத்தில் இருக்கும். சாதாரண டயரில் அந்த இடம் அன்றாட ஓட்டத்தின் சூட்டிலேயே வந்துவிடும். செமி ஸ்லிக்கில் அதை வேண்டுமென்றே மேலே தள்ளி, ஏறக்குறைய 80 முதல் 100 டிகிரிக்குக் கொண்டுபோகிறார்கள்.

இதை அழகாக அளந்து காட்டியவர் ரப்பர் ஆய்வாளர் கே. ஏ. குரோஷ், 1963-ல். சறுக்கும்போது வரும் சூடு கணக்கைக் கெடுக்கக் கூடாதென்று விநாடிக்குச் சில சென்டிமீட்டரைத் தாண்டாத ஆமை வேகத்தில், கண்ணாடியின் மீதும் உப்புத்தாளின் மீதும் ரப்பரை இழுத்தார். உறைநிலைக்கு வெகு கீழேயிருந்து தொடங்கிப் பல வெப்பநிலைகளில் இழுத்தார். ஒவ்வொரு வெப்பநிலையிலும் வேகத்தோடு உராய்வு மாறுவதைக் காட்டும் கோடுகளையெல்லாம் பக்கவாட்டில் நகர்த்திப் பார்த்தால், அத்தனையும் ஒரே கோட்டில் பொருந்தின! வேகமும் குளிரும் ரப்பருக்கு ஒன்றுதான் என்பதற்கு அதுவே சாட்சி. மக்னீசியாப் பொடி தூவியதும் ஒட்டும் பிடிப்பு மறைந்தது, தயக்கப் பிடிப்பு மட்டும் நின்றது. ஒரு பொடியைத் தூவி இரண்டையும் பிரித்துவிட்டார்.

அவர் வேலை செய்த ஆய்வகம் இங்கிலாந்தின் வெல்வின் கார்டன் சிட்டியில் இருந்தது. அதற்குப் பணம் தந்தது மலாயா ரப்பர்மீது விதித்த வரி. அந்த ரப்பர் மரங்களில் விடியுமுன் பால் வெட்டியவர்களில் ஏராளமானோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது, பெருமையாகவும் இருக்கிறது. ஆமை வேகத்தில் ரப்பரை இழுப்பதால் என்ன லாபம் என்று கேட்டு அன்று பணத்தை நிறுத்தியிருந்தால் இந்த அறிவு இத்தனை சீக்கிரம் வந்திருக்காது. ஸ்ரீபெரும்புதூரையும் ஒரகடத்தையும் சுற்றி இத்தனை டயர் ஆலைகளை வைத்திருக்கும் நாம், உராய்வை அளக்கும் ஆய்வுக்கு நம் பல்கலைக்கழகங்களில் தாராளமாகச் செலவு செய்ய வேண்டும். உடனடிப் பலன் கேட்காமல் செய்ய வேண்டும்.

இனி வாசகரின் கேமனுக்கு வருகிறேன். "எது அதிகம் ஒட்டும்" என்பதை விட்டுவிட்டு, "என் ஓட்டத்தில் டயர் எவ்வளவு சூடாகும்" என்று கேளுங்கள். குளிர்நாட்டு ஓட்டுநருக்கு டயரைச் சூடேற்றுவது கஷ்டம். நம் ஏப்ரல் வெயிலில் தார் ஏற்கெனவே கொதிக்கிறது, அதில் 20 நிமிடம் விடாமல் ஓட்டினால் மிக மென்மையான ரப்பர் நாலைந்து சுற்றிலேயே உச்சத்தைத் தாண்டி வழுக்கத் தொடங்கும். நண்பர் ஒருவரின் வண்டி பிட்டுக்கு (டிராக்கோரம் வண்டியை நிறுத்திப் பார்க்கும் இடத்துக்கு) வந்ததும் டயரைத் தொட்டுப் பார்த்தேன். ஓரத்தில் ரப்பர் சுருள் சுருளாக உரிந்து, பொடிக்கற்கள் ஒட்டி, புட்டு உதிர்ந்த மாதிரி கிடந்தது. டயர் தரமானதுதான். இந்த வெயிலுக்கு ஏற்றதல்ல. இங்கே சற்றுக் கடினமான கலவைதான் நீடிக்கும் என்பது என் கருத்து.

டயரின் பக்கச் சுவரில் (சைட்வால்) ட்ரெட்வேர் என்று ஓர் எண் இருக்கும். டோயோ ஆர்888ஆர் டயரில் 100, யோகோஹாமா ஏ052-ல் 200. இது தேய்மானத்தின் எண், பிடிப்பின் எண் அல்ல. அமெரிக்காவின் டெக்சாஸ் சாலைகளில் 7,200 மைல் ஓட்டிப் பார்க்கும் சோதனையை வைத்துத் தயாரிப்பாளரே கொடுப்பது. இரண்டு கம்பெனிகளின் எண்ணை ஒப்பிட்டு முடிவு செய்யாதீர்கள். தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் காட்டும் நான்கு இலக்கத்தைக் கட்டாயம் பாருங்கள். 2324 என்றால் 2024-ன் 23-ஆவது வாரம். ரப்பர் கிடந்தாலும் இறுகும்.

அப்புறம் காற்று. 30 டிகிரியில் 28 பிஎஸ்ஐ வைத்த டயர் 80 டிகிரிக்குப் போனால் ஏறக்குறைய 35 ஆகிவிடும். வளிமண்டல அழுத்தத்தைக் கூட்டி, கெல்வினில் கணக்குப் போட்டுப் பாருங்கள், வரும். அதனால் சூடான அழுத்தத்தைத்தான் குறிவைக்க வேண்டும், பிட்டுக்கு வந்த உடனே அளக்க வேண்டும். நைட்ரஜன் அடித்தால் அழுத்தமே ஏறாது என்று நம்பிப் பலர் காசு கொடுக்கிறார்கள். இது மூடநம்பிக்கை. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன், இரண்டுக்கும் ஒரே விதி. ஈரம் இல்லாத காற்றாக இருந்தால் போதும்.

கடைசியாக மழை. குரோஷின் கட்டுரை வந்த அதே 1963-ல், விமான டயர்களைச் சோதித்த நாசா ஒரு எளிய சூத்திரம் தந்தது. பள்ளத்தால் வெளியேற்ற முடியாத அளவுக்குத் தண்ணீர் நின்றால், பிஎஸ்ஐ அழுத்தத்தின் வர்க்கமூலத்தை 16.7-ஆல் பெருக்கினால் வருவது டயர் தண்ணீர்மேல் மிதக்கத் தொடங்கும் வேகம். 36 பிஎஸ்ஐ என்றால் மணிக்கு 100 கிலோமீட்டர். செமி ஸ்லிக்கில் பள்ளம் குறைவு என்பதால் கொஞ்சம் தண்ணீரே இதற்குப் போதும். டிராக்கிலிருந்து சென்னைக்குத் திரும்பும் பெங்களூரு நெடுஞ்சாலையில், ஐப்பசி கார்த்திகையில், லாரிகளுக்கு நடுவே அந்த வேகம் சர்வசாதாரணம். ஆகவே அந்த மாதங்களில் சாதாரண டயரில் வாருங்கள். செமி ஸ்லிக்கைத் தனி ரிம்மில் மாட்டி, இன்னொரு வண்டியில் ஏற்றிவந்து டிராக்கிலேயே மாற்றிக்கொள்ளுங்கள்.