மூன்றாவது தோட்டா உள்ளே போகிறதா?

அமெரிக்காவின் பல மாநிலங்களில் செப்டம்பர் 1 என்றால் புறா வேட்டை தொடங்கும் நாள். அறுவடையான சூரியகாந்தி வயலின் ஓரத்தில் இருபது பேர் துப்பாக்கியோடு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களை நோக்கி நடந்து வருபவர், பெரும்பாலும் ஒற்றை ஆள்: வேட்டை விதிகளைக் கண்காணிக்கும் அதிகாரியான கேம் வார்டன். நம்மூரில் 1972 காட்டுயிர் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுயிர் வேட்டை பெரும்பாலும் குற்றம். அங்கே உரிமம் வாங்கினால் சுடலாம். எத்தனை, எப்போது, எதைக்கொண்டு என்பதில்தான் கெடுபிடி.

முதலில் உரிமத்தைப் பார்ப்பார். அடுத்து துப்பாக்கி. வலசைப் பறவைகளைச் சுடும் ஷாட்கன்னில் மூன்று தோட்டாவுக்கு மேல் கொள்ளக்கூடாது: சுடும் அறையில் ஒன்று, தோட்டாக்களை அடுக்கி வைக்கும் குழாயில் இரண்டு. ஐந்து கொள்ளும் துப்பாக்கி என்றால் குழாய்க்குள் ஒரு கட்டையைச் செருகி இடத்தை அடைத்திருக்க வேண்டும். துப்பாக்கியைப் பிரிக்காமல் அந்தக் கட்டையை எடுக்க முடியக்கூடாது. வார்டன் செய்வது ஒன்றே ஒன்று. குழாய்க்குள் தோட்டாக்களைத் தள்ளிப் பார்ப்பார். மூன்றாவதும் உள்ளே போனால் வழக்கு. வயல்வெளியில் தனியாக நிற்கும் ஒருவர் கையாலேயே சோதித்துவிடக்கூடிய விதி. எழுதியவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

தோட்டாவுக்குள் இருக்கும் சிறு உலோக உருண்டைகளான ரவையைச் சோதிப்பதும் இப்படித்தான். வாத்து வேட்டையில் ஈய ரவைக்கு 1991 முதல் நாடு முழுக்கத் தடை. வாத்துக்குப் பல் கிடையாது. இரையை அரைக்கச் சிறு கற்களை விழுங்கும். குளத்தடியில் கிடக்கும் ஈய ரவையையும் கல்லென்று விழுங்கிவிடும். அரைவைப்பையில் அது தேய்ந்து, அமிலத்தில் கரைந்து, ரத்தத்தில் கலக்கும். நோயுற்ற வாத்தைத் தின்னும் கழுகுக்கும் அதே நஞ்சு போகும். அதனால் வார்டன் சட்டைப்பையில் ஒரு காந்தம். எஃகு ரவை ஒட்டும், ஈயம் ஒட்டாது. ஒரு சிக்கல் உண்டு: தோட்டாவின் அடிப்பாகமே சில சமயம் பித்தளை பூசிய எஃகுதான், ஆகவே காந்தத்தை ரவை இருக்கும் முனையில் வைக்க வேண்டும். இன்னொரு சிக்கல், அனுமதிக்கப்பட்ட பிஸ்மத் என்ற உலோக ரவையும் காந்தத்தில் ஒட்டாது. சந்தேகம் வந்தால் ஒரு ரவையைத் தட்டிப் பார்த்தாலே போதும்: ஈயம் நசுங்கும், பிஸ்மத் நொறுங்கும்.

செப்டம்பரில் டீல் என்ற சிறு வாத்துக்கு மட்டும் தனிப் பருவம் வரும். மற்ற வாத்துகளைத் தொடக்கூடாது. ஆனால் கோடையில் இறகு உதிர்த்த ஆண் வாத்துகள் அப்போது பெட்டையைப் போலவே மங்கிய பழுப்பில் இருக்கும். தலையின் நிறத்தை நம்பினால் ஏமாற்றம்தான். சிறகின் வண்ணப்பட்டை மட்டும் மாறாது; நீலச்சிறகு டீலின் தோளில் வெளிர்நீலம் அப்படியே இருக்கும். சுட்ட வாத்தை வீடு கொண்டுபோய்ச் சேர்க்கும்வரை தலையையோ இறகுள்ள ஒரு சிறகையோ அறுக்காமல் விடவேண்டும் என்ற விதிக்கு இதுதான் காரணம்.

புறா வேட்டையில் பெரிய திருட்டு, தானியம் தூவி வரவழைப்பது. வயலில் தானாக உதிர்ந்த மணி குற்றமில்லை. கொண்டுவந்து கொட்டியதுதான் குற்றம். வித்தியாசம் எப்படித் தெரியும்? சுட்ட புறாவின் தீனிப்பையைக் கீறிப் பார்த்தால் காலையில் தின்றது செரிக்காமல் அப்படியே இருக்கும். சூரியகாந்தி வயலில் கோதுமை வந்தால் கேள்வி எழும்தானே! கொட்டியதை முழுவதும் அள்ளிய பிறகும் 10 நாள் அந்த இடத்தில் சுடக்கூடாது. ருசி கண்ட பறவை தீனி தீர்ந்த பின்னும் வந்துகொண்டிருக்கும்.

ராத்திரி வேலை வேறு மாதிரி. மானின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியடிக்கும் படலம் ஒன்று உண்டு. விளக்கடித்தால் கண் மின்னும், மான் திகைத்து நிற்கும். அந்த இடத்தைப் பார்த்துச் சுடுவது பெரும்பாலான மாநிலங்களில் குற்றம். வார்டன்கள் கண்ணில் பிரதிபலிப்பான் ஒட்டிய பொம்மை மானைச் சாலையோரம் நிறுத்தி, தலையையும் வாலையும் ரிமோட்டில் அசைத்துவிட்டுப் புதரில் காத்திருப்பார்கள்.

பொம்மையில் சிக்காதவர், 'விடிந்த பிறகுதான் சுட்டேன்' என்பார். அப்போது தெர்மாமீட்டர் வெளியே வரும். உயிருள்ள மானின் உடல் ஏறக்குறைய 38–39 டிகிரி செல்சியஸ். தொடைச் சதையின் நடுவே குத்தி அளந்து, காற்றின் வெப்பத்தோடு ஒப்பிட்டால் இறந்து எத்தனை மணி நேரம் என்று கணிக்கலாம். பனிக்கால நவம்பரில் இது எளிது. செப்டம்பரின் வெதுவெதுப்பான இரவில் உடலுக்கும் காற்றுக்கும் வெப்ப வித்தியாசம் குறைவு. சதை மெதுவாகத்தான் ஆறும், கணக்கின் பிழையும் கூடும். அதனால் கண்மணியின் விட்டத்தையும் அளப்பார்கள். தசைக்கு லேசாக மின்சாரம் கொடுத்துத் துடிக்கிறதா என்றும் பார்ப்பார்கள். எல்லாம் ஒரே நேரத்தைக் காட்டினால் நீதிமன்றத்தில் வலுவாக நிற்கும்.

மானையே காணோம், குடல் மட்டும் காட்டில் கிடக்கிறது என்றாலும் வழி இருக்கிறது. குடலிலிருந்து ஒரு துண்டு, சந்தேகப்பட்டவர் வீட்டு ஃப்ரீசர் கறியிலிருந்து ஒரு துண்டு. இரண்டின் டிஎன்ஏவும் ஒன்றுதானா என்பதை ஆய்வகம் சொல்லிவிடும்.