நிறம் மாறியது அவனுக்குத் தெரியவில்லை

முதலாம் வருட இரசாயனவியல் செய்முறை வகுப்பு. ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலையிலிருந்து வந்த மாணவன் ஒருவன், நியமிப்பு (காரத்தில் அமிலத்தைத் துளித்துளியாகச் சேர்த்து, நிறம் மாறும் கணத்தில் நிறுத்தி அளவு காணும் சோதனை) செய்யும்போதெல்லாம், அமிலம் சொட்டும் கண்ணாடிக் குழாயான அளவியின் திருகைப் பிடித்தபடி பக்கத்து மேசை நண்பனையே பார்த்துக்கொண்டிருப்பான். நண்பன் தலையசைத்ததும் திருகை மூடுவான். பார்த்துச் செய்கிறான் என்று நினைத்து இரண்டு முறை கண்டித்தேன். நான்காவது வாரம்தான் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"மிஸ், மஞ்சளா இருக்கிறது எப்ப சிவப்பா மாறுதுன்னு எனக்குத் தெரியல."

உயர்தரம் முடியும்வரை ஒருவரிடமும் சொன்னதில்லையாம். சொன்னால் விஞ்ஞானப் பிரிவிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்ற பயம். அந்தக் கண்டிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

சிவப்பு-பச்சை நிறக்குருடு எக்ஸ் நிறமூர்த்தத்தின் வழியாகப் பரம்பரையாக வருவது. அதனால் ஆண்களிடமே அதிகம். இனக்குழுவுக்கு ஏற்ப நூறு ஆண்களில் ஏறக்குறைய 4 முதல் 8 பேருக்கு இருக்கலாம். அப்படியென்றால் என் வகுப்பில் வருடாவருடம் ஒருவராவது இருந்திருக்க வேண்டும். அணுக்கொள்கையைத் தந்த ஜோன் டோல்ட்டனுக்கும் இது இருந்தது. 1794இல் தன் பார்வையைப் பற்றித் தானே கட்டுரை வாசித்தார். பாதுகாத்து வைத்திருந்த அவருடைய கண்ணிலிருந்து எடுத்த டீஎன்ஏ 1995இல் அதை உறுதிப்படுத்தியது. இதை அவனிடம் சொன்னபோது நிமிர்ந்து உட்கார்ந்தான்.

நியமிப்பில் நாம் சோதிப்பது எதை? அமிலமும் காரமும் எந்த அளவில் தாக்கமடைகின்றன என்று மாணவனுக்குப் புரிந்திருக்கிறதா என்பதைத்தான். மஞ்சளிலிருந்து சிவப்பாக மாறும் மெதைல் செம்மஞ்சள் என்ற காட்டியின் நிறம் அதற்கு ஒரு வழி மட்டுமே. அவனுக்கு, கரைசலின் அமில, காரத் தன்மையை எண்ணாகக் காட்டும் பிஎச் மானி ஒன்றைக் கொடுத்தோம். அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, ஒவ்வொரு வாசிப்பையும் எழுதி, வரைபு கீறினான். கோடு செங்குத்தாக விழும் இடத்தில் பென்சிலை வைத்து, "இங்கதான் மிஸ்" என்றான். வன்னமிலமும் வன்காரமும் (வலிமையான அமிலமும் காரமும்) என்றால், அவனால் பிரித்தறியக்கூடிய மஞ்சள், நீல நிறங்களுக்கிடையே மாறும் புரோமோதைமோல் நீலம் என்ற காட்டியைத் தருகிறேன். பாடத்தின் தரத்தில் துளியும் குறைக்கவில்லை.

மலையகத்தில் இன்னொரு சிக்கல், மொழிக்குள் ஒளிந்துகொள்ளும் குறைபாடு. தமிழில் உயர்தரம் படித்த பிள்ளைகள் இங்கே ஆங்கில விரிவுரைக்குள் விழுகிறார்கள். யாராவது பின்தங்கினால் "இங்கிலிஷ் காணாது" என்று முடித்துவிடுகிறோம். பதுளைப் பக்கத்து மாணவி ஒருத்தியை அப்படித்தான் ஒதுக்கப் பார்த்தார்கள். ஒரு தமிழ்ப் பக்கத்தை வாசிக்கச் சொன்னேன். அதிலும் வரி தவறியது, எழுத்துகள் இடம் மாறின. ஆங்கிலத்தைக் குற்றம் சொல்லி அவளுடைய வாசிப்புக் குறைபாட்டை எத்தனை வருடம் மூடி வைத்திருக்கிறோம்! செய்முறைக் குறிப்பை வரிக்கு ஒரு படியாக, பெரிய எழுத்தில், படத்தோடு முதல் நாளே கொடுத்தோம். அவளுக்காகச் செய்த அந்தத் தாளை இப்போது வகுப்பே கேட்டு வாங்குகிறது.

பார்வையற்ற மாணவர்களுக்கு என்விடிஏ போன்ற இலவசத் திரைவாசிப்பு மென்பொருள் இருக்கிறது. ஆனால் சமன்பாட்டைப் படமாக ஒட்டிவைத்தால் அந்த இடத்தில் அது ஊமையாகிவிடும். ஓட்டிசம் உள்ள சிலருக்குப் புகையுறிஞ்சியின் இரைச்சலே தாங்காது. ஆள் குறைந்த நேரத்தில் செய்யவிட்டால் போதும்.

இதெல்லாம் சலுகை என்று யாராவது சொன்னால் இயலாமை உள்ளவர்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் இலங்கையின் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தைக் காட்டுங்கள். இயலாமையைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவன அனுமதியில் பாகுபாடு செய்வதை அது தடுக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தையும் இலங்கை 2016இல் ஏற்று உறுதிசெய்தது. அனுமதி கொடுத்துவிட்டு ஆய்வுகூடக் கதவை மூடிவைப்பது எந்த நியாயம்?

இப்போது முதல் வகுப்பிலேயே ஒரு துண்டுத்தாள் கொடுக்கிறேன். "இந்த ஆய்வுகூடத்தில் உங்களுக்கு எது கஷ்டம்?" என்ற ஒரே கேள்வி. போன முறை ஒருத்தி ஒரே சொல்தான் எழுதியிருந்தாள்: "படிக்கட்டு". சரிவில் கட்டிய கட்டடம், ஆய்வுகூடம் மூன்றாம் மாடியில். அவளுடைய குழுவைக் கீழ்த்தளத்து அறைக்கு மாற்ற எங்களுக்கு அரை மணி நேரப் பேச்சுத்தான் தேவைப்பட்டது.