ரீபில்டு: கட்டுவதா, மீட்பதா?

"வீட்டில் ரெய்டு விழுந்துவிட்டது, சித்தப்பா. சரிசெய்துகொண்டிருக்கிறேன், இரவு பேசுகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அடுத்த பத்து நிமிடத்தில் ஊரிலிருந்து மூன்று அழைப்புகள். அத்தை அழுதேவிட்டார். நகைகளை முன்னதாகவே எங்காவது கொடுத்து வைத்திருந்தாயா என்று கேட்டார்.

அவர்களைக் குறைசொல்ல முடியாது. நாளிதழ்த் தமிழில் ரெய்டு என்றால் வருமான வரித் துறை, விடியற்காலை, வாசலில் நான்கு கார்கள். அந்த ரெய்டும் நம் ரோடும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பது வேறு கதை: குதிரைச் சவாரியைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல் ஒன்று தெற்கே ரோடு ஆனது, வடக்கே ஸ்காட்லாந்தில் ரெய்டு ஆனது.

என் வீட்டில் விழுந்தது கணினியில் தகவல் சேமிக்கும் வட்டுகளின் அணி. அந்த ரெய்டு வெறும் முதலெழுத்துச் சுருக்கம். 1988-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் எழுதிய ஆய்வுரையில் பிறந்தது. ஒரு பெரிய விலையுயர்ந்த வட்டுக்குப் பதில், விலை குறைந்த சிறு வட்டுகள் பலவற்றை அணியாக நிறுத்தி, ஒன்று விழுந்தாலும் தகவல் போகாதபடி கூடுதலாகக் கொஞ்சம் எழுதி வைப்பது என்பதே அவர்கள் யோசனை. ரிடண்டன்ட் அரேஸ் ஆஃப் இன்எக்ஸ்பென்சிவ் டிஸ்க்ஸ். பின்னாளில் இன்எக்ஸ்பென்சிவ் போய் இண்டிபென்டன்ட் வந்தது. பெரிய விலைக்கு விற்கிறவர் வாய்க்கு 'மலிவு' என்ற சொல் கசந்திருக்கும் என்பது என் ஊகம்.

ரிடண்டன்ட் என்ற சொல்லுக்கு வேர் லத்தீனில் அலை. கரைமீறிப் பெருகுவது என்று பொருள். தமிழில் 'மிகைமை' என்கிறார்கள், ஏற்கலாம். நம் இலக்கணத்தில் மிகைபடக் கூறலும் கூறியது கூறலும் நூலுக்குக் குற்றங்கள். வட்டுகளின் உலகில் அந்தக் குற்றம்தான் காப்பாற்றுகிறது.

என்னை உறுத்தியது அடுத்த சொல். விழுந்த வட்டைக் கழற்றிப் புதிதை மாட்டியதும் நடப்பதற்கு எல்லாரும் சொல்லும் பெயர் ரீபில்டு. தமிழில் எழுதுகிறவர்கள் 'மறுகட்டமைப்பு' என்று அப்படியே பெயர்த்துவிடுகிறோம். பில்டு என்பதன் பழைய வடிவம் வீடு கட்டுவதைக் குறித்தது. ஆனால் இங்கே எதையும் கட்டுவதில்லை. வீடு இடியவே இல்லை. கோப்புகள் திறக்கின்றன, படங்கள் ஓடுகின்றன. கட்டுமானம் என்று நினைத்துவிட்டால், மெதுவாக நடக்கும்போது கொத்தனாரைத் தேடுவதுபோல் புதிய வட்டையே சந்தேகப்படுவோம். நானும் அதைத்தான் செய்தேன். ஒரு மாலைப்பொழுது வீண்.

லினக்ஸ் இயங்குதளத்தின் உள்மையமான கருவகத்துக்கு (கெர்னல்) இந்தக் குழப்பம் இல்லை. அணியின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் என்ற கோப்பைத் திறந்து பாருங்கள். அதில் ரீபில்டு என்ற சொல்லே வராது. ரிகவரி என்றுதான் இருக்கும். ரிகவரி என்றால் இழந்ததைத் திரும்பப் பெறுதல். சுத்தத் தமிழில் மீட்பு. அணியை நாம் நிர்வகிக்கும் எம்டிஅட்மின் கருவி மட்டும் ரீபில்டு என்கிறது. ஒரே வேலைக்கு உள்ளே ஒரு பெயர், வாசலில் ஒரு பெயர். இசட்எஃப்எஸ் கோப்பு முறைமைக்காரர்கள் ரீசில்வர் என்பார்கள்: ரசம் போன கண்ணாடிக்கு மறுபடி ரசம் பூசுவது. இரண்டு வட்டில் ஒரே நகல் வைப்பதை மிரர் என்று சொல்வதிலிருந்து வந்த விளையாட்டு. அழகான சொல்தான்.

மீட்பு என்று வைத்துக்கொண்டால் உடனே ஒரு கேள்வி எழும். மீட்க வேண்டுமானால் எங்கோ ஈடு இருக்க வேண்டுமே? இருக்கிறது. அதன் ஆங்கிலப் பெயர் பாரிட்டி, லத்தீனில் 'சமம்' என்ற பொருளிலிருந்து வந்தது. 'சமநிலை' என்று எழுதுவோர் உண்டு. அது தராசை நினைவூட்டுகிறதே தவிர வேலையைச் சொல்லவில்லை. 'ஈடு' என்பதே என் தேர்வு. ஈடு என்றால் ஒப்பு. ஈடு என்றால் இழப்புக்கு நிகராகக் கொடுப்பது. ஈடு என்றால் அடமானம்; இலங்கைத் தமிழில் காணியை ஈடு வைப்பது இன்றும் அன்றாடப் பேச்சு. இந்த மூன்று பொருளும் வட்டில் எழுதப்படும் அந்தக் கூடுதல் துண்டுக்கு அப்படியே பொருந்துகின்றன.

அது எப்படி வேலை செய்கிறது என்பது விளங்க, சிறுவயதில் புளியங்கொட்டையை உள்ளங்கையில் மறைத்து விளையாடிய ஒற்றையா இரட்டையா போதும். என்னுடையது நான்கு வட்டுகள் கொண்ட ரெய்டு 5 என்ற வகை. ஒவ்வொரு வரிசையிலும் மூன்று வட்டில் தகவல், நான்காவதில் ஈடு. (ஈடு ஒரே வட்டில் குந்தியிருப்பதில்லை, வரிசைக்கு வரிசை இடம் மாறும்.) விதி ஒன்றுதான்: நான்கு பேர் கையிலும் உள்ள கொட்டைகளைக் கூட்டினால் இரட்டையாக வர வேண்டும். மூவர் கையிலும் ஒவ்வொன்று இருந்தால் மூன்று, ஒற்றை. எனவே ஈட்டுக்காரர் ஒன்று வைக்கிறார். இப்போது இரண்டாமவர் எழுந்து ஓடிவிட்டார். மீதிப் பேரிடம் எண்ணினால் மூன்று, ஒற்றை. ஓடியவர் கையில் ஒன்று இருந்திருக்க வேண்டும். கண்டுபிடித்தாயிற்று.

கவனிக்க வேண்டியது, ஓடியவரிடம் இருந்ததை அறிய மீதி மூவரையும் கேட்க வேண்டியிருந்தது. ஒருவர் தூங்கி வழிந்தாலும் கணக்கு நிற்கும். 4 டெராபைட் வட்டு ஒன்றை நிரப்ப, மற்ற மூன்றிலிருந்தும் 12 டெராபைட் படித்தாக வேண்டும். ஆகவே மீட்பின் வேகம் என்பது அணியிலேயே மெதுவான வட்டின் வேகம். வினாடிக்கு 150 மெகாபைட் கிடைத்தால் ஏழரை மணி நேரத்தில் முடியும். எனக்கு அன்றிரவு எம்டிஸ்டாட் காட்டியது 8 மெகாபைட்டை ஒட்டி. முடிய 8,000 நிமிடத்துக்கு மேல் என்றது. ஐந்தரை நாளுக்கும் அதிகம்.

அந்தக் கோப்பில் இன்னொன்று இருந்தது. ஓடும் வட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு 'யூ' எழுத்து, விழுந்த இடத்தில் ஒரு அடிக்கோடு. யூ, யூ, கோடு, யூ. பரீட்சைத் தாளில் வரும் 'கோடிட்ட இடத்தை நிரப்புக' தவிர வேறில்லை.

முதலில் வேகக் கட்டுப்பாட்டைப் பார்த்தேன். கருவகமே இரண்டு எல்லை வைத்திருக்கிறது. வேறு யாரும் வட்டைத் தொடாதபோது ஒரு வட்டுக்கு வினாடிக்கு 2,00,000 கிலோபைட் வரை போகலாம். யாராவது தொட்டால் மீட்பு ஒதுங்கி வழிவிடும். அப்போது 1,000 கிலோபைட் இருந்தால் போதும் என்று நினைத்துக்கொள்ளும். வீட்டில் படம் பார்க்கிறவர் கோபித்துக்கொள்ளக் கூடாது என்ற நாகரிகம். இந்தக் கீழெல்லையின் பெயர் ஸ்பீடு லிமிட் மின். அதை 50,000 ஆக்கினேன். வேகம் கொஞ்சம் ஏறியது, கணினி முக்கி முனகியது.

அப்படியானால் யாரோ வட்டைத் தொடுகிறார்கள். அதைக் காட்டும் கருவி ஐஓஸ்டாட். தமிழில் வேகமாகச் சொன்னால் 'ஐயோ' என்றே தொடங்குகிறது, பெயர்ப்பொருத்தம்தான். அதில் ஒரு பழைய வட்டு மட்டும் நூறு சதவீதம் திணறினால் அது நோயாளி. வட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையில் 197-ஆம் வரி, படிக்க முடியாமல் காத்திருக்கும் துண்டுகளின் எண்ணிக்கை, பூச்சியமாக இல்லாவிட்டால் கவலைப்படலாம். 199-ஆம் வரி ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் வட்டில் குற்றமில்லை, கேபிளை மாற்றுங்கள். புதிய வட்டு மட்டும் திணறினால், அது கூரை ஓடுபோலத் தடங்களை ஒன்றன்மேல் ஒன்று சரித்து எழுதும் எஸ்எம்ஆர் வகையா என்று பார்க்க வேண்டும். ஓட்டுக்கூரையில் நடு ஓட்டை மாற்ற மேல் ஓடுகளையும் கழற்றுவது போன்ற தொல்லை அதற்கு உண்டு.

எனக்கோ மூன்று பழைய வட்டுகளும் ஒன்றுபோல் மூச்சுவாங்கின, புதியது சும்மா உட்கார்ந்திருந்தது. கொட்டை எண்ணும் மூவரையும் யாரோ வேறு பக்கம் இழுக்கிறார்கள் என்று பொருள். கணினியை நிறுத்தி வட்டை மாற்றி மீண்டும் போட்டபோது, குடும்பப் புகைப்படங்களுக்குச் சிறுபடம் தயாரிக்கும் நிரல் தானாக எழுந்து, பதினைந்து வருடப் படங்களையும் முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கியிருந்தது. அதை நிறுத்தினேன். அடுத்த நிமிடம் 140 மெகாபைட்.

ரெய்டு 5, 6 வகைகளை வைத்திருப்பவர்கள், வரிசைகளைத் தற்காலிகமாக நினைவகத்தில் வைக்கும் ஸ்ட்ரைப் கேஷ் என்ற அளவையும் ஏற்றிப் பார்க்கலாம். இயல்பாக அது 256; அதை 8,192 ஆக்கினால் நான்கு வட்டுக்கு 128 மெகாபைட் நினைவகம் போகும், அவ்வளவே. கேபிள் மட்டும் கழன்று வெளியேறிய வட்டு என்றால் முழு மீட்பே வேண்டாம். பிட்மேப் என்ற குறிப்பேடு இருந்தால், இடையில் மாறிய துண்டுகளை மட்டும் எழுதிச் சில நிமிடங்களில் சேர்த்துக்கொள்ளும். மாதத்தின் முதல் ஞாயிறு அதிகாலையில் எம்டிஸ்டாட்டில் ஏதோ தானாக ஓடுவதைக் கண்டு, டெபியன் என்ற லினக்ஸ் வகையை வைத்திருப்பவர்கள் பதற வேண்டாம். அங்கே செக் என்று எழுதியிருக்கும். அது தணிக்கை, மீட்பு அல்ல.

மீட்பு முடிவதற்குள் இன்னொரு வட்டும் விழுந்தால் ரெய்டு 5-இல் ஈடு பயன்படாது. அதற்கும் தமிழில் சொல் தயாராக இருக்கிறது: அடகுக் கடையில் தவணை தப்பிய நகைக்குச் சொல்வதுபோல், மூழ்கிவிட்டது. (பெருகும் அலையில் தொடங்கிய சொல் மூழ்குவதில் முடிவது தற்செயல்தான்.) அதனால்தான் மீட்பு ஓடும்போது நான் படம் பார்ப்பதில்லை.

விடியற்காலை எழுந்து பார்த்தபோது வேகம் 80-க்கு இறங்கியிருந்தது. இந்த முறை பதறவில்லை. சுழலும் வட்டில் வெளித்தடம் நீளம், உள்தடம் குட்டை. எழுதும் வேலை உள்ளே போகப் போக வேகம் ஏறக்குறைய பாதியாவது இயல்பு. ஏழு மணிக்குக் கோடிட்ட இடத்தில் 'யூ' வந்தது.

சித்தப்பாவை அழைத்து எல்லாம் மீட்டாயிற்று என்றேன்.

"நல்லது தம்பி" என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அதிகாரிக்கு எவ்வளவு கொடுத்தாய்?" என்றார்.